நூல் புடவையும் தையல்கடைத் துண்டுகளும்: ஓர் ஒட்டுப்போர்வையின் செய்முறை

உடுத்தித் தேய்ந்த இரண்டு நூல் புடவைகள், ஓர் எட்டு முழ வேட்டி, கழுத்துப்பட்டை நைந்துபோன இரண்டு பருத்திச் சட்டைகள், எங்கள் தெருத் தையல்கடையில் சாக்கில் சேர்ந்து கிடந்த ரவிக்கைத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு, ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவில் கையால் தைத்து முடித்த ஒட்டுப்போர்வையின் செய்முறையை இங்கே பதிவு செய்கிறேன். இதற்காகக் கடையில் வாங்கியவை நூலும் ஊசியும் மட்டுமே. ஒட்டுப்போர்வைக்கென்றே புதுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, சதுரம் சதுரமாக நறுக்கி, மறுபடியும் இணைத்துத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கைத்திறனும் அழகும் உண்டு என்றாலும், சூழலுக்கு உகந்த வேலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோவைப் பக்கம் வாழ்கிறவர்களுக்குப் புதுத் துணியின் விலை கடைச்சீட்டோடு முடிவதில்லை என்பது நன்றாகவே தெரியும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாக மாறியதும், அந்த நீர் பாய்ந்த தோட்டங்கள் உப்பேறிப் பாழானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் இங்கே எல்லாரும் அறிந்த செய்திகள். ஆகவே, ஏற்கெனவே சாயம் ஏறி, உடுத்தித் துவைத்து முடித்த துணியில் இன்னும் உயிருள்ள பாகத்தைக் கண்டுபிடித்து அதைத் தொடர்ந்து உழைக்க வைப்பது என்ற ஒரே நோக்கத்தோடு இந்த வேலையைத் தொடங்கினேன். போர்வையின் அளவு, துண்டுகளின் வடிவம், தையல் முறை எல்லாமே அந்த நோக்கத்திலிருந்து பிறந்தவை.

முதல் வேலை, புடவையைத் தரையில் முழுநீளத்துக்கு விரித்து அது எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. பழைய புடவை முழுவதும் ஒரே அளவில் நைவதில்லை. உடுத்திய விதம் அப்படியே அதில் பதிந்திருக்கும். இடுப்பில் முதலில் செருகும் உள்சுற்று வெயிலும் உரசலும் படாமல் இருப்பதால், நெசவு பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். ஆனால் அதன் மேல்விளிம்பில் மூன்று நான்கு அங்குலம், பாவாடை நாடா அழுத்தியும் வியர்வை ஊறியும் இற்றுப்போயிருக்கும். கொசுவப் பகுதியில் கீழ்விளிம்பு காலடியில் பட்டுப்பட்டுத் தேயும். ஃபால்ஸ் வைத்துத் தைத்திருந்தால் அந்த இடமும் பிழைத்திருக்கும். உட்காரும் இடத்தில் வரும் இரண்டாம் சுற்றுத்தான் மிகவும் மெலிந்த பகுதி. தோளில் ஊக்கு குத்திய இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் கழித்துவிட்டால், முந்தானையில் பெரும்பகுதி தேறும்.

கண்ணுக்கு நன்றாகத் தோன்றும் இடமும் கையில் நிற்காமல் போகலாம். ஆகவே சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே புடவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தேன். நைந்த இடம் சல்லடைபோலத் துளைதுளையாக வெளிச்சத்தை விட்டது. சந்தேகமான இடங்களில் இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, முதலில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் போக்கிலும் பிறகு குறுக்கே ஓடும் ஊடையின் போக்கிலும் துணியை இழுத்தேன். இழை அறும் மெல்லிய ஓசை கேட்டால் அந்தப் பகுதி மேல்துண்டுக்கு ஆகாது. போர்வையின் நடு அடுக்கில், இரண்டு துணிகளுக்கிடையே அழுத்தம் படாமல் கிடக்க அது போதும். இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் அதன் வலுவுக்கேற்ற இடம் கிடைத்ததால், புடவையில் வீணானது மிகவும் குறைவு.

கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடலை விடக் கரையில் இழைகள் நெருக்கமாக இருப்பதால், உடல் முழுவதும் நைந்த பிறகும் கரை உறுதியாக நிற்கிறது. போர்வையைக் கையால் பிடித்து இழுப்பதும், துவைக்கும்போது முறுக்குவதும், கொடியில் கவ்வி போடுவதும் அதன் ஓரத்தில்தான். எனவே அடித்துணிக்கு முழு அகலத்தில் வேண்டிய பாகத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு புடவைகளின் கரைகளையும் நீளமாக வெட்டி எடுத்து, போர்வையின் நான்கு ஓரங்களுக்கென்று ஒதுக்கினேன். ஜரிகை கலந்த கரையை இதற்குப் பயன்படுத்தவில்லை. அது தோலில் உரசும், துவைக்கத் துவைக்க நூல் பிரிந்து குத்தும். இரண்டாம் புடவையின் ஃபால்ஸைப் பிரித்தெடுத்தபோது அதன் அடியில் மறைந்திருந்த உள்பக்கத் துணி, புடவை வாங்கிய நாளின் அடர்ந்த அரக்கு நிறத்தோடு நான்கு அங்குல அகலத்துக்கு நீண்டு கிடந்தது. வெளிப்பக்கம் வெளுத்திருந்த அந்தப் பட்டையை உள்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துக்கொண்டேன். போர்வையில் இருக்கும் மிக அழுத்தமான நிறம் அதுதான்.

தையல்கடைத் துண்டுகளைத் தரம் பிரிப்பது பொறுமை வேண்டிய வேலை. கடை நடத்தும் தங்கை, "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எப்படியும் குப்பை வண்டிக்குத்தான் போகும்" என்று சாக்கையே கொடுத்துவிட்டார். ரவிக்கை வெட்டும்போது விழும் துண்டுகளுக்கென்று சில வடிவங்கள் உண்டு: பின்கழுத்திலிருந்து விழும் அரைவட்டம், கைக்குழிப் பக்கம் விழும் பிறைத் துண்டு, துணியின் ஓரத்தில் மிஞ்சும் நீண்ட பட்டை. இவற்றில் பட்டைகளும் அரைவட்டங்களும் நன்கு பயன்படும். பிறைத் துண்டுகளின் விளிம்பு பெரும்பாலும் இழைக்குச் சாய்வாக ஓடுவதால் இழுத்தால் நீளும். அவற்றில் பெரியவற்றை மட்டும் இழையோட்டம் பார்த்து நேராக்கிக்கொண்டேன்.

இந்தத் துண்டுகளில் எது முழுப் பருத்தி, எது கலப்பு என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய இயலாது. டூ பை டூ என்று விற்கும் ரவிக்கைத் துணியிலேயே பாலியெஸ்டர் கலந்தது உண்டு. ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஓர் இழையை உருவி, அருகில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்து விளக்குச் சுடரில் காட்டினேன். பருத்தி இழை காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிறது. பாலியெஸ்டர் முதலில் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கிறது. கலப்புத் துணி எரியவும் செய்யும், நுனியில் கட்டியும் தட்டும். மணி கட்டிய எல்லாவற்றையும் தனியே வைத்துவிட்டேன். இதற்கு மூன்று காரணங்கள். கலப்புத் துணி பருத்தி அளவுக்கு வியர்வையை உறிஞ்சாது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைகளை நீரில் விடும். போர்வை முழுவதும் பருத்தியாகவே இருந்தால், அதன் ஆயுள் முடிந்தபின் மண்ணில் மக்கிவிடும். நடுவே நெகிழி இழை கலந்துவிட்டால் அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

பின்னலாடைத் துணியையும், அதாவது பனியன் துணியையும், இதில் சேர்க்கவில்லை. அது பருத்தியாகவே இருந்தாலும் இழுபடும் தன்மையுடையது. நெய்த துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் சில துவைப்புகளிலேயே தொங்கிப் பை விழும்.

துவைத்துச் சாயம் பார்க்காமல் எந்தத் துண்டையும் சேர்க்கக் கூடாது. உடுத்திய துணிகளில் கவலையில்லை. அவை விட வேண்டிய சாயத்தை எப்போதோ விட்டிருக்கும். தையல்கடைத் துண்டுகளோ தண்ணீரே காணாதவை. ஒவ்வொன்றையும் நனைத்து, வெள்ளை வேட்டித் துண்டின் மேல் வைத்துச் சூடாக இஸ்திரி போட்டேன். வெள்ளையில் கறை படிந்தவற்றை மறுபடியும் ஊறவைத்து அலசினேன். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிப்பதில்லை என்பதால், உப்பில் ஊறியதையும் மறுபடி சோதித்தே சேர்த்தேன். அப்போதும் நிற்காத இரண்டு அடர்சிவப்புத் துண்டுகளை விட்டுவிட்டேன். புடவை முந்தானையில் இருந்த மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்தது. மஞ்சளின் நிறம் காரத்தில் சிவப்பாகும், வெயிலில் சிதையும் என்பதால், ஈரத்தோடு மொட்டைமாடியில் காயப்போட்டதில் கறை வெளிறி மறைந்தது. வெளுப்பான் எதுவும் தேவைப்படவில்லை.

நைந்த நூல் புடவை துவண்டு கிடக்கும். கத்திரிக்கோலுக்கு அடியில் நழுவும். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து வடிகட்டி, அதில் தோய்த்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகு, வெட்டுவதும் மடிப்பதும் எளிதாயின. கஞ்சி போட்ட துணியைப் பூச்சி அரிக்கும். எனவே அதைப் பெட்டியில் மடித்து வைக்காமல் உடனே தைத்து, முடிந்ததும் போர்வையை ஒருமுறை துவைத்துவிட வேண்டும்.

போர்வையின் அளவைப் புடவையே முடிவு செய்தது. ஐந்தரை மீட்டர் புடவை ஏறக்குறைய 216 அங்குலம். என்னிடம் இருந்ததன் அகலம் 46 அங்குலம். அகலத்தில் இணைப்பு எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்து, சுற்றிலும் ஓர் அங்குலம் உள்மடிப்புக்கு விட்டு, முடிவில் 44 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் வரும்படி திட்டமிட்டேன். முதல் புடவையின் உள்சுற்றும் கொசுவப் பகுதியும் சேர்ந்த 86 அங்குலத்தை ஒரே துண்டாக எடுத்து அடித்துணியாக விரித்தேன். அதன் இற்ற மேல்விளிம்பு உள்மடிப்புக்குள் போய் மறைந்துவிடும். நடுவில் பஞ்சு வைக்கவில்லை. நம் வெப்பத்துக்கு அது அதிகம், துவைத்தால் உலராமல் திரளும். அதற்குப் பதிலாக எட்டு முழ வேட்டியும் புடவைகளின் மெலிந்த பகுதிகளும் சேர்ந்து இரண்டு அடுக்குகளாயின. நடு அடுக்கில் துணிகள் சேரும் இடத்தில் மடித்துத் தைத்தால் முண்டு தட்டும் என்பதால், ஒன்றின் மேல் ஒன்றை ஓர் அங்குலம் ஏற்றி வைத்துப் படிமானமாகத் தைத்தேன்.

தைக்கும் முறையை, கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளை அடுத்து, எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அந்தச் சமூகத்துப் பெண்கள், பழைய துணிகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். துண்டுகளைத் தனியே இணைத்து ஒரு மேல்துணி ஆக்கிவிட்டுப் பிறகு அடுக்கோடு சேர்த்துத் தைப்பது பொதுவான முறை. கவந்தியில் அந்த இரண்டு வேலைகளும் ஒன்றாகவே நடக்கின்றன. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு துண்டாக வைத்துத் தைத்தபடி ஓரம் முழுவதும் சுற்றி வந்து, அப்படியே வட்டமிட்டு நடுவுக்கு வந்து சேர்வார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லாததால், சதுரமாக நறுக்கும்போது விழும் கழிவு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பழந்துணிக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

தொடங்கும் முன், அடித்துணியையும் நடு அடுக்குகளையும் கூடத்துத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து வெளியே போகும்படி எட்டு அங்குல இடைவெளியில் நீளநீளமான கச்சாத் தையல் போட்டு நிறுத்திக்கொண்டேன். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்து வரும்போது துணி கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் தள்ளப்பட்டு உப்பிவிடும். இந்தக் கச்சாத் தையல் அதைத் தடுக்கிறது. பிறகு முதல் மூலையில் அடித்துணியின் விளிம்பை ஓர் அங்குலம் மேல்நோக்கி மடித்து, நடு அடுக்குகளின் ஓரத்தை அந்த மடிப்புக்குள் செருகினேன். அதன்மேல் கரைத்துண்டின் விளிம்பையும் உள்ளே மடித்து, இரண்டு மடிப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, விளிம்பை ஒட்டி ஓட்டுத்தையல் போட்டேன். அடுத்த கரைத்துண்டு முதல் துண்டின் வெட்டுவாயை மூடிக்கொண்டு, தன் விளிம்பை மடித்து, அதன்மேல் அரை அங்குலம் ஏறி உட்காரும். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும், முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி அடுத்த வரிசை. ஒரு துண்டின் அகலம் முடியும் இடத்தில் அடுத்த துண்டை மடித்து ஏற்றி, அதே வரிசைத் தையலிலேயே அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மடிப்புகளுக்கு இஸ்திரிப் பெட்டியைத் தேடி எழ வேண்டியதில்லை. கஞ்சி போட்ட துணியை நகத்தால் அழுத்தி வழித்தாலே மடிப்பு நிற்கிறது. அரைவட்டத் துண்டுகளை வளைவு வெளியே தெரியும்படி மடித்துத் தைப்பது சிரமமாக இருந்ததால், வளைந்த பக்கத்தை அடுத்த துண்டுக்கு அடியிலும் நேர்ப்பக்கத்தை மேலேயும் வைத்தேன்.

கவந்தியின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வெளியே நீட்டியபடி வைத்துத் தைப்பார்கள். அவை இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை. முறையை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டு இதை மட்டும் விட்டுவிடுவது சரியாகப் படவில்லை. நானும் சட்டைத் துணியில் நான்கு முக்கோணங்கள் மடித்து மூலைகளில் சேர்த்தேன்.

இந்த வேலைக்குக் கால்மிதி மெஷினைப் பயன்படுத்தவில்லை. துணியை அடியிலிருந்து நகர்த்தும் மெஷினின் பல் கீழ்த்துணியை மட்டும் இழுத்துக்கொண்டு போகும். மேல்துணி, அதை மேலிருந்து அழுத்தும் மெஷின் பாதத்தின் அழுத்தத்தில் பின்தங்கும். நான்கைந்து அடுக்கில், அதுவும் துவண்ட பழந்துணியில், இந்த வேறுபாடு சுருக்கமாகத் திரண்டு நிற்கும். கையில் தைக்கும்போது ஒவ்வோர் ஊசிக் குத்துக்கும் விரல் அடியில் இருந்து எல்லா அடுக்கையும் உணர்கிறது. நூல் விஷயத்தில் நான் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. தையல்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல். அது துணியைவிட வலுவானது என்பதே இங்கே அதன் குறை. இழுபடும்போது நூல் தாங்கிக்கொள்ள, பழந்துணிதான் தையல் துளைகளின் வழியே கிழியும். பருத்தி நூல் என்றால் முதலில் நூல் அறும். அறுந்த இடத்தில் மறுபடி தைத்துவிடலாம். மூன்று இழை முறுக்கிய கெட்டியான வெள்ளைப் பருத்தி நூலை வாங்கி, தேன்மெழுகின் மேல் ஒருமுறை இழுத்துக்கொண்டு, ஒன்றரை முழத்துக்கு மேல் நீளாமல் கோத்தேன்; அதற்கு மேல் நீண்டால் சிக்கு விழும், துணியில் உரசி உரசிப் பிரியவும் செய்யும். பழந்துணி அடுக்குகளை ஓட்டுத்தையலால் இணைக்கும் வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கும் வழக்கம் உண்டு. நானும் சிறிது உருவிப் பார்த்தேன். மெல்லிய இரண்டு அடுக்குக்கு அது தாங்குகிறது. இவ்வளவு தடிமனில் இழுத்தால் அறுந்துவிடுவதால், மூலை முக்கோணங்களின் மேல் சிறு அலங்காரத் தையலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

முக்கால் அங்குல இடைவெளியில் இந்தப் பரப்பைத் தைத்து முடிக்க, தையல் வரிசை மொத்தமாகச் சுமார் 125 மீட்டர் ஓடுகிறது. நூல் அடுக்குகளுக்குள் ஏறி இறங்குவதையும் முனைகளில் மடக்கித் தைப்பதையும் சேர்த்து 150 மீட்டருக்குக் குறையாமல் கையிருப்பு வேண்டும். அங்குலத்துக்கு நான்கு தையல் போதுமானது. முடிச்சுப் போட்டு விட்டால் துவைப்பில் அது துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே இரண்டு பின்தையல் போட்டு, மீதி நூலை நடு அடுக்குக்குள் இரண்டு அங்குலம் ஓட்டி வெட்டிவிட்டேன். நடுவிரலில் விரலுறை இல்லாமல் இதைத் தைக்க முயல வேண்டாம். வரிசைக்கு வரிசை ஊசியின் பின்முனையைத் தள்ளித் தள்ளி விரல் புண்ணாகிவிடும்.

முடிந்த போர்வை மெல்லியது. ஆனால் காற்றைத் தடுக்கிறது. மார்கழி இரவுக்குப் போதுமானதாகவும், மின்விசிறிக்கு அடியில் மற்ற மாதங்களிலும் போர்த்திக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கிறது. முதல் துவைப்புக்குப் பிறகு துணிகள் சற்றே சுருங்கி, தையல் வரிசைகளுக்கிடையே மெல்லிய அலைகள் எழுந்தன. அந்த அலைகளுக்குள் நிற்கும் காற்றுத்தான் கதகதப்பைத் தருகிறது என்பதால், இதை இஸ்திரி போட்டு அழுத்துவதில்லை.

மிஞ்சியவற்றையும் வெளியே போடவில்லை. உள்ளங்கை அளவுக்குக் குறைந்த பருத்தித் துண்டுகளை எட்டு அடுக்காக வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்ததில், அடுப்படிக்குப் பிடிதுணிகள் கிடைத்தன. பிடிதுணியில் பாலியெஸ்டர் ஓர் இழைகூட இருக்கக் கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். ஒதுக்கிவைத்த பனியன்களைக் கீழிருந்து மேலாகச் சுற்றிச்சுற்றி ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால், அது தானாகவே சுருண்டு கயிறாகிறது; மூன்று கயிறுகளைப் பின்னிச் சுருளாகத் தைத்து, குளியலறை வாசலுக்கு மிதியடி ஆக்கினேன். கலப்புத் துணிகளுக்கும் அந்த மிதியடியின் அடிப்பக்கமே இடம். வேட்டியிலிருந்து உதிர்ந்த வெள்ளை நூல்களும் நறுக்குகளும் செடித்தொட்டி மண்ணுக்குப் போயின.

நனைந்த போர்வை நல்ல பாரம் இருக்கும். வாளியில் ஊறவைத்துக் காலால் மிதித்து அலசுவது கையால் முறுக்குவதைவிட நல்லது. ஒரே கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் நீர் தங்கித் தையல் இழுபடுவதால், இணையான இரண்டு கொடிகளின் மேல் பரப்பிக் காயவைக்கிறேன். ரவிக்கைத் துணிகளைவிடப் புடவைத் துண்டுகள் முதலில் நையும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி நையும் துண்டைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. அதன் மேலேயே வேறொரு துண்டை விளிம்பு மடித்து வைத்து, பழைய வரிசைகளின் வழியே தைத்துவிட்டால் போதும். அதற்கென்று சட்டையின் முதுகுத் துணியில் பாதியையும் ஒரு கரை நீளத்தையும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.